இரண்டு பேருக்கு ஒரு சின்ன லென்ஸ்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு லென்ஸ். பதினெட்டு மில்லிமீட்டரிலிருந்து இருநூறு வரை போவது. கோபுரத்தை முழுசாக எடுக்கலாம்; நின்ற இடத்தைவிட்டு நகராமல் கோபுரத்து மேலே உட்கார்ந்திருக்கும் கிளியையும் எடுக்கலாம். சங்கரன்கோவிலில் எலக்ட்ரிக்கல் கடை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா தூக்குகிறவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் குற்றாலத்துச் சாரல் புகுந்து பூஞ்சை பிடித்துவிட்டது. அதற்குப் பதில் இதை வாங்கிவிடுவது என்று மதுரைக்குக் கிளம்பினேன். கூட அவனும் வந்தான்.

அவன் நெசவு நூல்கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். நான் கேமரா வாங்கிய மறுமாதமே அவனும் அதே கேமராவை வாங்கினான். சிவகிரிப் பக்கம் மலையடிவாரம் என்றாலும் தனுஷ்கோடி என்றாலும் ஒரே பைக்கில்தான் போவோம்.

மதுரைக் கடையில் அந்த லென்ஸை மாட்டி எதிர்ச்சாரி போர்டுகளை எடுத்துப் பார்த்தேன். மனசு நிறைந்துபோனது. அவன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தான். கடைசிவரை இழுத்தால் படம் மங்குகிறதாம், ஓரத்தில் கட்டடம் வளைகிறதாம், அந்தி வெளிச்சத்தில் திணறுமாம், கழுத்தில் மாட்டினால் அம்மிக்கல் கனம் கனக்குமாம். ஒன்றும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. பிறகு என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஏலே, எல்லாத்தையும் எடுக்கேன்னு சொல்லுத லென்ஸு ஒண்ணையும் உருப்படியா எடுக்காதுடே. நீ பெருச மட்டும் வாங்கு. சின்னதுதான் எங்கிட்ட இருக்கே. நாம என்னைக்குத் தனித்தனியா போயிருக்கோம்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் விழுந்துவிட்டேன். தூரத்தை மட்டும் இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸை வாங்கிக்கொண்டு வந்தேன். என்னை நல்ல வழியில் திருப்பிவிட்டான் என்று நினைத்து, வரும்போது திருமங்கலத்தில் அவனுக்கு டீயும் வடையும் வேறு வாங்கிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏற்பாடு என்னவோ நன்றாகத்தான் நடந்தது. அகலமாக எடுக்க வேண்டுமென்றால் நான் கையை நீட்டுவேன். அவன் கழற்றிக் கொடுத்துவிட்டு என் பெரியதை மாட்டிக்கொள்வான். ஒருத்தன் மாற்றும்போது மற்றவன் தூசி விழாமல் துண்டால் மறைப்பான். எங்களைப் பார்த்துப் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், குழந்தைக்குத் துணி மாற்றுகிறீர்களா என்று கேட்டார்.

அந்த வருஷம் என் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. குரல் திரும்ப வருமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. பேச்சு வந்தால் ஆடித்தபசுத் திருவிழாவில் சூறை விடுவதாகக் கோமதி அம்மனுக்கு அவள் நேர்ந்துகொண்டாள். வயலில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அம்மன் சப்பரத்தின்மேல் வாரி இறைப்பதுதான் சூறை. குரல் வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. ராயகிரியில் அவளுடைய அப்பா வயலிலிருந்து வத்தலும் பருத்தியும் வந்தன. அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சூறை விடும்போது அவளும் அம்மனும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இவ்வளவு காலம் மலையையும் கொக்கையும் எடுத்தவனிடம் அவள் கேட்ட முதல் படம் அது.

அவனிடம் சொன்னேன். கூட்டத்தில் அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நிற்க முடியும், சின்ன லென்ஸ் இல்லாமல் நடக்காது என்றேன். தெற்கு ரதவீதியில் தண்ணீர்ப் பந்தல் பக்கம் வந்துவிடுவதாகச் சொன்னான். சாயங்காலம் போனில் கேட்டபோதும் வந்துகொண்டே இருப்பதாகத்தான் சொன்னான். அப்புறம் அழைப்பு போனது, எடுக்க ஆளில்லை.

சப்பரம் திரும்பியது. வத்தல் நெடியில் கூட்டமே தும்மியது. என் லென்ஸை எவ்வளவு சுருக்கினாலும் அவள் காதும் கன்னமும்தான் தெரிந்தன. பின்னால் நகர இடமில்லை. மொபைலில் எடுத்திருக்கலாமே என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். மொபைல் என் காதில் அல்லவா இருந்தது! அவன் வந்துவிடுவான் என்று கூட்டத்துக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவள் பக்கம் திரும்பும்போது சூறை முடிந்து அவள் கை காலியாக இருந்தது.

மறுநாள் காலையில் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்ட படங்கள் வந்தன. மாடியிலிருந்து எடுத்தவை. ஒன்றில் ரதவீதி முழுக்க மனிதத் தலைகள். அடுத்ததில் அம்மன் முகம், மூக்குத்தி மின்ன. இரண்டிலும் சப்பரம் நின்ற இடம் மாறவில்லை, விளக்குக் கம்பத்தில் அதே காக்கை. லென்ஸை மாற்ற நேரமே இருந்திருக்காது. இரண்டும் ஒரே லென்ஸில் எடுத்தவை. கொஞ்ச நேரத்தில் எனக்கு மட்டும் தனியாக ஒரு படம் அனுப்பினான். 'மக்கா, ஒன்னைய எப்படிப் பிடிச்சிருக்கேன் பாரு' என்று கீழே எழுதியிருந்தான்.

நூல்கடைக்குப் போனேன். மேஜை டிராயரில் அது இருந்தது, மதுரையில் நான் ஆசைப்பட்ட அதே லென்ஸ். எப்போது வாங்கினாய் என்று கேட்டேன். தை மாதமே என்றான். அப்படியென்றால் தையிலிருந்து ஆடி வரை, இதை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, என்னோடு வரும்போது மட்டும் சின்னதைத் தூக்கிக்கொண்டு வந்து, துண்டு பிடித்து நடித்திருக்கிறான்.

"ஒனக்குச் சொன்னா வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல. ஜவுளிக்கடை மாடியில ஒருத்தனுக்குத்தான் எடம் தந்தாவ. போன எடுத்தா நீயும் வாரேன்னு நிப்ப, நான் என்ன செய்ய?"

டிராயரைத் தள்ளி மூடிவிட்டு வெளியே வந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் கை நீண்டிருக்கும். அவ்வளவு ஆத்திரம். வாங்கியதைக்கூட மன்னிக்கலாம், என்னை வாங்கவிடாமல் செய்தவன் அவன்.

அவன் எனக்கு மட்டும் அனுப்பிய அந்தப் படத்தை வீட்டில் மனைவி பார்த்தாள். அவ்வளவு தூரத்து மாடியிலிருந்து என் முகத்தை நிறைத்து எடுத்திருந்தான். காதில் மொபைல், நெற்றியில் வேர்வை, யாரையோ தேடும் கண்கள். தேடியது அவனைத்தான். தேடுகிறேன் என்று தெரிந்தேதான் கிளிக் செய்திருக்கிறான். வலது ஓரத்தில், வத்தல் பிடித்த ஒரு கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு நின்றது.

"இது என் கைல்லா?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவன் இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்திருந்தால் அவளும் வந்திருப்பாள், அம்மனும் வந்திருப்பாள். அதற்குத்தானே அந்த லென்ஸ்.