ஏசி அறைக்காக ஒரு பேக்காமன் ஆட்டம்

பேக்காமன் பழக நினைப்பவர்களுக்கு என் முதல் யோசனை: தாயத்தை மறந்துவிட்டு வாருங்கள். நான் மறக்கவில்லை. பாகூர் பக்கம் எங்கள் தெருவில் தாயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்ற திமிரோடுதான் கருவடிக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன்.

மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊர்க்காரர்கள் வாயில் 'சொல்தா'. நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்ட சட்டம் மட்டும் வீட்டில் இருந்தது. யாரும் கத்திச் சண்டை போடக்கூடாது. தகராறு என்றால் பேக்காமன் பலகையை விரித்து ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை போட்டு வளர்ந்த எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

அந்த வீட்டில் ஏசி இருந்தது ஒரே அறையில்தான். வருடம் முழுக்க நானும் கணவரும் அதில் இருப்போம். ஜூலை பிறந்தால் பாரீசிலிருந்து நாத்தனார், கணவரின் அக்கா, வந்து இறங்குவார், அறை அவருக்குப் போய்விடும். முதல் வருடம் புது மருமகள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த வருடம் எனக்கு ஆறாம் மாதம். மதியம் ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் நேரத்தில், ஹாலில் வெக்கைக் காற்றைக் கிளப்பும் மின்விசிறிக்கு அடியில் வயிற்றோடு புரண்டுகொண்டிருந்தேன்.

"அண்ணி, இந்த வருஷம் ரூம் எனக்கு வேணும்" என்று கேட்டேவிட்டேன்.

"ஆடு. ஜெயிச்சா எடுத்துக்கோ" என்றார் நாத்தனார்.

கணவர்தான் கற்றுக்கொடுத்தார். ஆளுக்குப் பதினைந்து காய், இரண்டு பகடை. இருபத்துநாலு வீடுகளைச் சுற்றிவந்து முதலில் எல்லாக் காயையும் வெளியே எடுப்பவர் ஜெயித்தவர். நான் உருட்டினேன், உருட்டிவிட்டுச் சும்மா இருந்தேன்.

"ஏன் காய நகத்தல?"

"தாயம் விழலியே."

இங்கே அதெல்லாம் வேண்டாம் என்றார். பிறகு அவர் காய் ஒன்றை வெட்டிவிட்டுப் பகடையைப் பறித்தேன். வெட்டினால் இன்னொரு தடவை உருட்டுவது கிடையாது என்றார். அப்படியானால் எதற்குத்தான் வெட்டுவது என்று கேட்டேன். வெட்டுப்பட்ட காய் பலகையின் நடுக்கட்டையில் உட்கார்ந்து, எதிராளி பக்கத்தில் காலி வீடு கிடைத்தால்தான் மறுபடி நுழையும் என்றார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்க. எந்தக் காயையும் ஒத்தையா விடாத. ரெண்டு ஒண்ணா நின்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"அப்ப ரூம் கேக்கும்போது நீங்க ஏன் எங்கூட நிக்கல?"

அவர் செல்போனை எடுத்துப் பாம்பு விளையாட்டில் இறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம். அன்று பகடை என் பேச்சைக் கேட்டது. பாதிக்கு மேல் காய்களை வெளியே எடுத்துவிட்டேன். நாத்தனார் தன் பக்கத்து ஆறு வீட்டையும் இரண்டிரண்டு காயால் அடைத்து வைத்திருந்தார். நான் வெட்டிய அவருடைய காய் ஒன்று மட்டும் நடுக்கட்டையில் காத்திருந்தது. அது என் பக்கமாகத்தான் திரும்ப நுழைய வேண்டும். அங்கே மூன்றாம் வீட்டில் என் காய் ஒற்றையாக நின்றது. அவருக்கு மூன்று விழுந்தால் அது வெட்டுப்படும். ஆறு வீடும் அடைத்திருக்க, நான் உள்ளே நுழையவே முடியாது. அறை போச்சு.

உருட்டினார். ஐந்தும் மூன்றும் விழுந்தது.

பலகையைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். காயை ஐந்தாம் வீட்டில் நுழைத்து, அங்கிருந்து மூன்று வீடு தள்ளி வைத்துவிட்டார். என் காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"கண்ணாடி போடல, சரியாத் தெரியல" என்றார்.

மாமியார் முந்தானையால் சிரிப்பை மறைத்தார். கணவர் பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். இருந்திருக்கலாம். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"வெட்டுங்க அண்ணி. எனக்கு யாரும் விட்டுக் குடுக்க வேணாம்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"வொலா, இந்தா!" என்று வெட்டினார். ஒரு மரியாதைக்குக்கூட இன்னொரு முறை கேட்கவில்லை. என் காய் நடுக்கட்டையில் தவம் கிடக்க, அவர் சுற்றிவந்து காய்களை எடுக்க ஆரம்பித்தார். கடைசியில் எனக்கு வழி கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. நாத்தனார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாயில் உட்கார்ந்து அழுதேன், வெக்கைக்குப் பாதி, என் வாய்க்குப் பாதி. கணவர் பேப்பரால் விசிறிக்கொண்டே, "சும்மா இருந்திருக்கக் கூடாதா?" என்றார். அவரை அந்தப் பேப்பராலேயே அடிக்கலாம் போல இருந்தது.

கதவு திறந்தது.

"ஜெயிச்சது நானு. ரூம் என்னுது. என் ரூம்ல யார் படுக்கணும்னு நான்தான் சொல்லுவேன். எழுந்து வா" என்றார் நாத்தனார்.

அதற்கு மேல் வீம்பு பிடிக்க எனக்குத் தெம்பில்லை. எழுந்து போனேன். கணவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"நீ எங்க வர்ற? நீதான் ஆடவே இல்லியே" என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.