சத்தம் எத்தனை மில்லிமீட்டர்?

எம்எம் அண்ணன் ஒலிபெருக்கியை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காதை வைத்துப் பார்த்தார். கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான். கண்ணாடியாவது பதில் சொல்லும். "வாயத் தொறக்குதா பாரு, கல்லுளிமங்கன்" என்று திட்டிவிட்டு மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தார்.

படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். காதில் பென்சில், கழுத்தில் அளவு நாடா, வாயில் எந்நேரமும் ஓர் 'எம்எம்'. தெருவே அவரை எம்எம் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. முடி வெட்டுகிறவரிடம், "மீசைல ரெண்டு எம்எம் எடுங்க, மூணா ஆக்கிடாதீங்க" என்பார். மனைவியிடம் டீ கேட்டால்கூட, "விளிம்புக்கு அஞ்சு எம்எம் கீழ நிறுத்து" என்பார். அந்த அம்மாளும் தலையாட்டிவிட்டு வழிய வழிய ஊற்றிக் கொடுப்பார்.

கடை மூலையில் இருக்கிற கணினியில் அதை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றியது அவரேதான். "தொறந்து உள்ள பாக்க விடற சாமான்தாங்க சாமான்" என்பது கொள்கை. எல்லாம் ஓடியது, சத்தம் மட்டும் வரவில்லை. சவுண்ட் கார்டைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கார்டு இருப்பதைக் கணினியும் ஒப்புக்கொண்டது. பேசத்தான் மாட்டேன் என்றது.

வெளிநாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்காரர் இதைக் கேள்விப்பட்டு, "மச்சான், அது கம்ப்யூட்டர் இல்ல, இன்னொரு போட்டோ பிரேம்" என்று சிரித்துவிட்டார். வந்ததே கோபம்! "என் மருமக பேசறத இந்தப் பெட்டியிலதான் கேப்பேன். அதுவரைக்கும் போன்ல கேக்க மாட்டேன்" என்று சபதம் போட்டார்.

விதியைப் பாருங்கள், அந்த வாரமே தங்கையின் குழந்தை 'மாமா' என்று சொல்லத் தொடங்கிவிட்டது. மனைவி போனில் கேட்டுக் கேட்டுப் பூரித்துப் போகிறார். அந்த நேரத்தில் எம்எம் அண்ணன், மரம் அறுக்கும்போது வைக்கும் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். ஆசை அவ்வளவு, வீம்பு அதைவிட ஒரு எம்எம் கூடுதல். பார்க்கவே பாவமாக இருக்கும்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திரை ஒன்று லினக்ஸில் உண்டு. வரிசையாகத் தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டிப் பெட்டி. பெட்டிக்குள் இங்கிலீஷில் இரண்டு எம் இருக்கும், இல்லாவிட்டால் இரண்டு சைபர். "சைபர்ல வெச்சா சத்தம் எப்படிங்க வரும்?" என்று கேட்டு, சைபர்களையெல்லாம் தேடித் தேடி எம்எம் ஆக்கிவைத்திருந்தார். தூண்களையும் உச்சிவரை ஏற்றியிருந்தார்.

இன்றைக்கும் வழக்கம்போலக் கணினியில் வீடியோ அழைப்பு. தங்கையும் குழந்தையும் மீன் மாதிரி வாயசைத்தார்கள். பக்கத்திலேயே அந்தத் தூண் திரை. மேசை துடைக்க வந்த மனைவி எட்டிப் பார்த்தார்.

"அது என்னங்க எம்எம்?"

"மில்லிமீட்டர். என்கூட இத்தன வருஷம் இருக்க, இதுகூடத் தெரியாதா?"

"சத்தத்த எவனாவது மில்லிமீட்டர்ல அளப்பானா? என் போன்ல வாய மூட வெக்கறதுக்கு மியூட்டுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் எம்முதான்."

"தொடாத!"

அதற்குள் துடைக்கும் துணியோடு விசைப்பலகையில் எம் எழுத்தை அழுத்திவிட்டார். எம்எம் போய் இரண்டு சைபர் வந்தது.

"ஐயோ, சைபராக்கிட்டியே!" என்று அண்ணன் தலையில் கைவைத்தார்.

"அண்ணா! கேக்குதா?"

கடையே அதிர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. வாசலில் படுத்திருந்த நாய் எடுத்த ஓட்டம் தெருமுனையில்தான் நின்றது. எம்எம் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேக்குது தங்கச்சி, கேக்குது" என்றார்.

"குட்டி, இங்க பாரு. யாருடி இது?"

குழந்தை உற்றுப் பார்த்தது. இந்தப் பக்கம் மீசை. மீசைக்காரர் தோளுக்கு மேலே சிரித்தபடி மனைவி. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தை!"

எம்எம் அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் நீட்டி மனைவியை மெல்ல ஓரமாக நகர்த்தினார். அவர் படத்தைவிட்டு முழுசாக வெளியே போய்விட்டதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, தன் முகத்தைச் சரியாக நடுவில் பொருத்தினார்.