எடுத்துக்கொண்ட நாற்காலி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு வந்த சூப்பர்வைசர், சரஸ்வதி அக்கா காலையில் நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு அக்கா வீடு இருக்கும் நெருப்பெரிச்சலுக்குக் கிளம்பினோம். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு கடையில் பட்ட அவமானத்துக்கு யாரும் பதில் சொல்லாமலே அக்கா போய்விட்டார்.

அக்காவின் கணவருக்குச் சர்க்கரை நோய் என்பது கூட வேலை செய்த உங்களுக்குத் தெரியும். படித்துப் பார்க்காமல் அக்கா அவருக்கு எதையும் வாங்கமாட்டார். ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து, அதுவும் பளபளக்கும் தாளில். அறுபதை நெருங்கிய கண்ணுக்கு மூக்குக்கண்ணாடியும் போதவில்லை. கடைக்காரரைக் கேட்டால், நல்ல சரக்கு, நம்பி வாங்குங்கள் என்பார். சின்ன வயதுப் பெண் திருப்பிப் பார்த்தால் விவரமானவள், அக்கா கேட்டால் தொணதொணப்பு. தெரிந்த கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்ப்பதே மரியாதை இல்லை என்று நம் ஊரில் வயதானவர்கள் பேசாமல் வாங்கிப் போகிறார்கள். அந்த மரியாதையை வைத்துத்தான் கடைக்காரர்களின் வியாபாரம் நடக்கிறது.

"கண்ணு மங்குனா புத்தியும் மங்கிப்போச்சுன்னு நெனச்சுக்கறாங்க" என்பார் அக்கா.

ஊரில் ஏசி போட்ட கடைகள் வரத் தொடங்கிய சமயம். வேலை விட்டு அக்காவும் நானும் அப்படி ஒன்றுக்குப் போனோம். 'சர்க்கரை சேர்க்காதது' என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்ட சத்துமாவு டப்பா ஒன்று இருந்தது. துணியில் கண்ணி எண்ண நாங்கள் வைத்திருக்கும் சின்ன லென்ஸைப் பையிலிருந்து எடுத்து, டப்பாவின் பின்பக்கத்தில் வைத்துக் குனிந்தார் அக்கா. முதலாளி அரண்டுபோனார். சோதனைக்கு வந்த ஆபீசர் என்று நினைத்து நாற்காலி போட்டு, இளநீர் வரவழைத்து, டப்பாவைத் தானே வரிவரியாகப் படித்துக் காட்டினார். வெல்லம் சேர்த்திருந்தது.

"ஆபீசர் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு வாங்க வந்தனுங்க" என்றார் அக்கா.

முதலாளியின் முகம் மாறியது. வழியை மறைக்கிறது என்று சொல்லி நாற்காலியை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து அக்கா ஒன்றுதான் சொன்னார். "படிச்சுச் சொல்ல அவருக்கு முடியாம இல்ல கண்ணு. நமக்குச் சொல்லத்தான் மனசில்ல."

காரியத்துக்குச் சாமான் வாங்க நான் வேண்டுமென்றே அந்தக் கடைக்குப் போனேன். முதலாளிக்கு என்னை நினைவில்லை. லென்ஸை எடுத்ததும் நாற்காலி வந்தது, உட்கார்ந்தேன். சரக்கு வாங்க வந்தவள் என்று சொன்னதும் நாற்காலியைப் பிடிக்கக் கை நீண்டது. நான் எழுந்திருக்கவில்லை. எண்ணெய், நெய், பருப்பு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். சுற்றிலும் வயதானவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு பெரியவர் தன் கையிலிருந்த பொட்டலத்தையும் என்னிடம் நீட்டினார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தொணதொணப்பு. அதை நான் விடப்போவதில்லை.