கட்டைவிரல் தைரியம்

நாளை ஜீடிமெட்லாவில் எங்கள் மருந்துத் தொழிற்சாலை விழா. நன்றியுரை என் தலையில். ஒரு பெயர் விட்டுப்போனாலும் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கோ மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இன்று ஹப்சிகுடாவில் ஹிப்னாடிசம் செய்யும் டாக்டரம்மாவிடம் போனேன். கண்ணை மூடவைத்து, "பயம் வந்தா இடது கட்டைவிரலை மடக்கி அழுத்துங்க, போயிடும்" என்றார்.

வெளியே காத்திருந்த ஆறு பேர், "நிஜமாவே பலன் இருக்கா?" என்று பிடித்துக்கொண்டார்கள். நின்றபடியே பத்து நிமிடம் விளாசினேன். கைதட்டினார்கள்!

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இதையே ஞாயித்துக்கிழமை நான் நடத்துற கூட்டத்துல மேடையேறிச் சொல்லுங்க. இருநூறு பேர் வருவாங்க."

"நானா?"

"ஹவ், ஆமா, நீங்கதான்."

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாகிறது. இதை வலது கையால் மட்டும் போனில் தட்டுகிறேன். இடது கட்டைவிரலை எப்போது விடலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.