இருபதுக்குக் கீழே

தெருவில் அவளுக்குப் பெயர் பர்சன்ட் அக்கா. தொழில் தையல். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் எந்தக் காரைப் பார்த்தாலும், "எத்தன பர்சன்ட் ஆச்சு? எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டுவிடுவாள். நூறைத் தொட்ட பிறகும் எடுக்காமல் போனவர்களுக்குக் கண்ணாடியில் சீட்டு ஒட்டுவாள். அந்தச் சீட்டைப் பிள்ளைகள் முன்னால் படிக்க முடியாது.

கேலி செய்தவர்களுக்கு அவள் பயம் தெரியாது. அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயோடு மாடி அறையில் இருக்கிறார். ஆக்சிஜன் மெஷினுக்கு எந்நேரமும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால், வாசலில் நிற்கும் பழைய எலெக்ட்ரிக் காரிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் மேலே போகும். ஆனால் இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தக் கார் வெளியே கரண்ட் தராது. வாடகை வீட்டில் அதற்கு சார்ஜ் போட வழியில்லை. ஊருக்கே பொது சார்ஜர் மூன்றுதான். அதில் மார்க்கெட்டில் இருப்பது வந்த நாள் முதல் ஊமை.

புயல் அடித்து மூன்றாம் நாள். கரண்டும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. ஆஸ்பத்திரியில் தரையில்கூட இடமில்லை என்றார்கள். விழுந்த மரங்களை அறுத்து அன்று காலையில்தான் சாலையைத் திறந்தார்கள். கார் இருபத்து மூன்று காட்டியது. கையில் கடைசி ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று. ஒன்றரை மணி நேரம் வரும். அவள் குழாயை அதில் மாட்டி, திருகை டாக்டர் சொன்ன அளவான இரண்டில் வைத்தாள்.

"நிதானமா போயிட்டு வா."

"பேசாதீங்க. மூச்ச வீணாக்காதீங்க."

லைப்ரரி சார்ஜர் இருண்டு கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் கரண்ட் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக் கார் பூட்டி நின்றது. சார்ஜர் திரையில் நூறு. கண்ணாடியில் போன் நம்பர்கூட இல்லை, இருந்தாலும் பயனில்லை. புறப்பட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. அவள் கதவைத் தட்டினாள், டயரை உதைத்தாள். பிறகு டைம் கீப்பர் அறைக்கு ஓடி, மைக்கில் அந்தக் கார் நம்பரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். யாரும் வரவில்லை. இரண்டாம் தடவையும் வரவில்லை. அந்நேரம் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சிலிண்டரின் முள் இறங்குவதுதான்.

மூன்றாம் தடவை, கழுத்தில் துணியும் பாதி முகத்தில் சோப்பு நுரையுமாக ஒருவர் ஓடி வந்தார்.

"சாரிக்கா, ஷேவிங்ல இருந்தேன்."

எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! ஆனால் அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. "எடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

இருபத்தைந்து நிமிடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்தைந்தானதும் பிடுங்கிக்கொண்டு பறந்தாள்.

வீட்டு வாசலில் மணி பார்த்தாள். ஐந்து நிமிடம் மிச்சம். ஒயரைக் காரில் செருகிவிட்டு மாடி ஏறினாள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. குழாயை மெஷினுக்கு மாற்றும்போதுதான் பார்த்தாள்: சிலிண்டரின் திருகு ஒன்றில் இருந்தது.

"யாரு இத கொறச்சது?"

"நான்தான்."

நுரை முகத்துக்காரருக்குக் கிடைக்க வேண்டியதெல்லாம் இவருக்குக் கிடைத்தது. "பைத்தியமா உங்களுக்கு? செத்துப் போயிருந்தா? நான் யாருக்காக ஓடுறேன்?" என்று கத்திக்கொண்டே அழுதாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

"எத்தன பர்சன்ட்?"

"அம்பத்தி நாலு."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நாளைக் காலை வரைக்கும் வரும்.

"சிலிண்டர் பாதி இருக்கு பாரு," என்றார். "நாளைக்கும் நீ போகணுமே."