உட்கார வைத்துத் தூக்குங்கள்

எங்கள் தாமான் குடியிருப்பில் வெள்ளம் இடுப்பளவு ஏறியபோது, உடம்பு மிகவும் பருத்து நடமாட முடியாமல் இருந்த எதிர்வீட்டு அண்ணனை ஏற்ற வந்த படகு வெறுமனே திரும்பியது. "இவ்ளோ வெயிட் தாங்காது லா அக்கா, அடுத்த ட்ரிப்ல பாக்கலாம்" என்றார்கள் படகுக்காரர்கள். கரண்ட் போய் அவருடைய ஆக்சிஜன் மிஷின் நின்றிருந்தது. மிச்சம் ஒரே ஒரு சிலிண்டர். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருக்கும் எனக்கு அது எவ்வளவு நேரம் வரும் என்று தெரியும். அடுத்த ட்ரிப்பாம்!

பக்கத்துக் கோயில் ஆட்கள் சாமி தூக்கும் கம்புகளோடு வந்தார்கள். ஒரு கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள்.

"படுக்க வச்சா அவரு வயிறே நெஞ்ச அமுக்கிடும், மூச்சு நின்னுரும்! சாமிய படுக்கப்போட்டா தூக்குறீங்க? உக்கார வச்சுத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

அவருடைய அகலமான மர நாற்காலியைக் கம்புகளில் கட்டினார்கள். அவரை உட்கார வைத்துத் தோளில் தூக்கியதும், "எல்லாருக்கும் சிரமம் கொடுக்குறேன், சிஸ்டர்" என்று அழுதார். தண்ணீர் ஏறாத மேட்டில் நின்ற லோரி வரை சிலிண்டரைச் சுமந்துகொண்டு தண்ணீரில் கூடவே நடந்தேன்.

மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி இறந்துபோனார். அதே ஆட்கள்தான் சவப்பெட்டி தூக்கவும் வந்தார்கள். பல வருஷமாக உட்கார்ந்தே தூங்கியவர், அன்று மல்லாந்து படுத்திருந்தார். பெட்டியை மூடப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லும்மா. அவருக்கு மூச்சு முட்டும்."