கலஹா பஸ்ஸின் அழியாத பாட்டு

இன்று மாலை பேராதனையில் கலஹா பஸ்ஸில் ஏறினேன். புறப்பட நேரம் இருந்ததால் மடிக்கணினியைத் திறந்தேன். சாரதி திரும்பிப் பார்த்தார்.

"சேர், இந்த பென் டிரைவ கொஞ்சம் பாருங்களேன். சாவு வீட்டுக்கு வாடகைக்கு ஹயர் போனப்ப போட்ட சோகப் பாட்டு. எத்தன தடவ அழிச்சாலும் போக மாட்டேங்குது. அது வந்தா பாதியில பாட்டு செட்டே நின்னுருது. நாளைக்குக் கல்யாண ஹயர்."

மணமகள் ஏறி உட்கார்ந்ததும் ஒப்பாரி கேட்டால் எப்படி இருக்கும்? நிலைமை புரிந்தது.

அழித்த பாட்டு பென் டிரைவிலேயே, கண்ணுக்குத் தெரியாத குப்பைக் கோப்புறையில் கிடந்தது. பஸ்ஸின் செட் அதையும் தேடி எடுத்துப் பாடப் பார்த்துத் திணறியிருக்கிறது. கோப்புறையை வெறுமையாக்கிக் கொடுத்தேன்.

பஸ் புறப்பட்டது. பாட்டுக்குப் பின் பாட்டு, எதுவும் நிற்கவில்லை. சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்து இருக்கைப் பெண் சிரிக்கவில்லை. கண்டியில் புடவைக் கடையொன்றில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவராம்.

"நீங்களா சேர் சரி பண்ணுனது?"

"ஆமாம்."

"தெனம் அந்தப் பாட்டுல செட்டு நின்னுரும். அப்புறம் கலஹா வர்ற வரைக்கும் நல்லாத் தூங்குவேன்."

சாரதிக்குக் கேட்டுவிட்டது. "சொல்லியிருந்தா அணைச்சிருப்பேனே தங்கச்சி."

"அணைச்சிருப்பீங்களா அண்ணே?"

அவர் ஒரு வளைவு முழுக்க யோசித்தார். "இல்லதான்."

மூவரும் சிரித்தோம். பாட்டுச் சத்தம் மட்டும் குறையவில்லை.

மணமகள் தப்பினார். அந்த பஸ்ஸில் தூங்கி வருபவர்கள் வேறு யாரும் இருந்தால், இந்தப் பதிவின் கீழேயே என்னைத் திட்டிவிடுங்கள்.